பந்தி விசாரணை: டீச்சர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் சபைப் பணிவிடை பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் யாரும் பெயர் போட விரும்பவில்லை. சிறிய ஊர்களில் அது இயல்புதான். புதிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்தவள். சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் கோயில்குட்டியாராக, அதாவது ஆலயத்தைக் கூட்டி மணி அடிக்கிறவராக, இருந்தவரின் மகள்.

கேள்வி: எங்கள் சபையில் ஒவ்வோர் ஆண்டும் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் (சபையாருக்கான பொது விருந்து) முடிந்ததும் பாத்திரம் கழுவுவது என் அம்மாதான். 22 வருடமாகச் செய்கிறார். இப்போது முழங்கால் வலியால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. கமிட்டியில் சொன்னால், "அது உங்கள் அம்மாவுக்குக் கர்த்தர் கொடுத்த ஊழியம்" என்கிறார்கள். அம்மாவோ, "நீ பேசாதே, கர்த்தர் பார்க்கிறார்" என்கிறார். நான் பேசலாமா? (ஒரு மகள், சென்னை)

பேசு, மகளே.

என் அம்மாவும் அந்தக் கிடாரங்களைத் தேய்த்தவர். அசனத்தன்று சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த வேலை என்னவென்று தெரியாது. சோறு வடித்த கிடாரத்துக்குள் இடுப்பு வரை குனிந்து உள்ளே போக வேண்டும். கறிக்குழம்பு வைத்த பாத்திரத்தில் ஆட்டுக்கொழுப்பு ஆறி, மெழுகு போல ஒட்டியிருக்கும். சாம்பலும் தென்னந்தும்பும் கொண்டு தேய்த்துத் தேய்த்து, ஒரு வாரத்துக்கு விரல் நுனியில் தோல் உரியும். எல்லோரும் போன பிறகு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே கழுவுவார். அந்தச் சந்தோஷம் உண்மையானது. அதை நான் கண்ணால் பார்த்தவள், மறுக்க மாட்டேன். ஆனால் அது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருந்தது. அதைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கமிட்டிக்கு உரிமை கிடையாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக் கமிட்டியாரோடு சேர்ந்து படி. எருசலேம் சபையில் அன்றாடம் பங்கிட்டுக் கொடுக்கும்போது கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விட்டுப்போகிறார்கள். அவர்களுடைய ஆட்கள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர்கள் "பொறுத்துக்கொள்ளுங்கள், கர்த்தர் பார்க்கிறார்" என்று சொல்லி அனுப்பவில்லை. சபையைக் கூட்டினார்கள், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் கவனித்துப் பார். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்துப் பொறுப்பைக் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் படிக்கிறேன். நம் வேதாகமம் அந்த வேலைக்கு "பந்திவிசாரணை" என்று பெயர் வைத்திருக்கிறது. விசாரிப்பது என்றால் சோற்றை மட்டுமா? பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா, கழுவுகிறவள் கால் எப்படி இருக்கிறது, இதுவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

அம்மாவின் பெயரை மேடையில் வாசிக்கவில்லை என்று சண்டைக்குப் போகாதே. அப்படிப் போனால் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டு, அடுத்த வருடமும் அவரையே கழுவ வைப்பார்கள். குடும்பவாரியாகப் பட்டியல் கேள். ஆண்களும் அதில் இருக்க வேண்டும். முதல் முறையை உன் வீடே எடுக்கட்டும். நீ லீவு போட்டு வா, அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் குழாயடியில் நிறுத்து.

ஆனால் அம்மாவை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் போகாதே. 22 வருடமாக அந்தக் குழாயடிதான் சபையில் அவருக்கு இருந்த இடம். அதைப் பிடுங்கினால் வேறு எங்கே போய் நிற்பார்? ஒரு நாற்காலி போட்டு அங்கேயே உட்காரவை. கொழுப்பு ஆறுவதற்கு முன் வெந்நீர் ஊற்ற வேண்டும், அடிப்பிடித்ததைச் சுரண்டாமல் ஊறவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: ஊழியம் செய்ய வேண்டும் என்ற வாஞ்சையோடு ஐயரிடம் (சபைக் குருவானவரிடம்) போனேன். "ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்து பெஞ்சு துடை, நாற்காலி போடு" என்று சொல்லிவிட்டார். பாடகர் குழுவில் சேர்ந்தவர்களும் ஞாயிறு பள்ளி எடுக்கிறவர்களும் ஊழியக்காரர்கள், நான் மட்டும் எடுபிடி போல உணர்கிறேன். (ஓர் இளைஞர், தூத்துக்குடி மாவட்டம்)

தம்பி, அதே 6ஆம் அதிகாரம்தான். பந்தியில் பரிமாறுவதற்கும் வசனத்தைப் போதிப்பதற்கும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல், "தியாக்கோனியா". குருப்பட்டத்தின் முதல் படியில் நிற்பவரை நாம் "டீக்கன்" என்கிறோமே, அது அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இதைச் சொன்னதும் உங்கள் மனம் ஆறிவிடாது என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை ஈர்க்குமாறு கொண்டு கோயிலைக் கூட்டுவார். மேற்கூரையில் வௌவால் அடைவதால் பலிபீடத்துப் படியில் எச்சம் விழுந்து கிடக்கும். அதை ஈரத் துணியால் மண்டியிட்டுத் துடைப்பார். பிறகு பாய் விரிப்பு, விளக்குக்கு மண்ணெண்ணெய். ஞாயிறு விடியற்காலை முதல் மணி, அரை மணி நேரம் கழித்து இரண்டாம் மணி. ஆராதனை தொடங்கியதும் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரியும். யார் வரவில்லை என்பது ஐயருக்கு முன்னால் அப்பாவுக்குத் தெரியும். ஆராதனை முடிந்து கதவைப் பூட்டியதும் நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார். பனையேறப் போனவருக்குக் கால் பிசகியிருக்கும். ஒரு வீட்டில் பிரசவம் ஆகியிருக்கும், விளக்குக்கு எண்ணெய் இருக்காது. இரண்டு ஞாயிறு வராத ஒரு பாட்டியின் வீட்டில் விசாரித்தால், கட்டிக்கொண்டு வர மாற்றுச் சேலை இல்லை. அப்பா இதை யாரிடமும் பேச மாட்டார், அம்மாவிடம் மட்டும் வந்து சொல்வார். சாயங்காலம் நான்தான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போவேன். "யார் கொடுத்தது என்று கேட்டால் கோயிலில் கொடுத்தார்கள் என்று சொல்" என்பார்.

நாற்காலி போடுகிறவருக்கு எத்தனை நாற்காலி காலியாக இருந்தது என்று தெரியும். உங்கள் ஐயர் உங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம். இறக்கையில் எங்கள் குடும்பப் பெயர் எழுத வேண்டாம் என்கிறார் என் கணவர். எழுதினால் பிள்ளைகளுக்கு ஒரு நினைவாக இருக்கும் என்பது என் எண்ணம். (ஒரு வாசகி, திருநெல்வேலி)

கணவர் பக்கம்தான் நான். உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் தூரமில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே அரை நூற்றாண்டு காலம் பிள்ளைகளை வளர்த்தார். 1951 ஜனவரி 18 அன்று இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே கல்லறையின்மேல் நினைவுக்கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அம்மா என்று பொருள்படும் ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நினைவு வேண்டுமென்றால், அந்த விசிறியைப் பண்டிகைக்கு முன் ஏணி வைத்து ஏறித் துடைக்கிற வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். அது மறக்காது.

கேள்வி: எங்கள் சபையில் சமைப்பதும் பரிமாறுவதும் ஒரு தெருக்காரர்கள். குப்பை வாருவதும் கல்லறைக் குழி வெட்டுவதும் இன்னொரு தெருக்காரர்கள். "எல்லாம் ஊழியம்தான், தாழ்மையாகச் செய்யுங்கள்" என்று பிரசங்கம் வேறு. என் மனம் ஒப்பவில்லை. (ஒரு வாசகர்)

ஒப்பக் கூடாது. உங்கள் மனம் சரியாகத்தான் இருக்கிறது.

யோவான் 13இல் ஆண்டவர் தாமே பந்தியை விட்டு எழுந்து, தாமே வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, தாமே துணியை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். கால் கழுவுவது அந்தக் காலத்தில் வீட்டு அடிமையின் வேலை. அதற்கு ஓர் அடிமையைக் கூப்பிட்டு, "தாழ்மையாகக் கழுவு" என்று அவர் சொல்லியிருந்தால் அது சுவிசேஷமே அல்ல. நாம் ஆண்டுதோறும் பெரிய வியாழனில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, பிறப்பைப் பார்த்து வேலை பிரிக்கிறோம்.

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டுப் போனார்கள். இரு நூறு ஆண்டு ஆகப்போகிறது.

எங்கள் ஊர் ஒரே சாதி ஊர். அதனால் இந்தப் பாவம் எங்களிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, வேறொரு சிற்றூரிலிருந்து அசனத்துக்கு வந்த விசுவாசிகளைத் தென்னை மரத்தடியில் தனியாக உட்காரவைத்தார்கள். எங்களுக்கு இலை. அவர்களுக்குப் பனையோலைப் பட்டை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வராதவர்களைத் தேடிப் போகிற என் அப்பாவும் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை மேலே படித்திருப்பீர்கள். ஆனாலும் அந்த மத்தியானத்தை என்னால் கடந்து போக முடியவில்லை.

நீங்கள் எந்தத் தெரு என்று எழுதவில்லை. பரிமாறுகிற தெரு என்றால், அடுத்த அடக்கத்தன்று மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போய்க் குழிக்குள் இறங்குங்கள். அடுத்த அசனத்தில் அந்தத் தெருக்காரர் ஒருவர் கையில் கறி வாளியைக் கொடுத்து, உங்கள் இலைக்குப் பரிமாறச் சொல்லுங்கள். வெட்டுகிற தெரு என்றால், இனி வெட்ட மாட்டோம், முறை வைத்தால் வருகிறோம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் தாழ்மை குறைந்துபோகாது.

கேள்வி: கிறிஸ்துமசுக்கு விதவைகளுக்குச் சேலையும் அரிசியும் கொடுக்கிறோம். இந்த ஆண்டு ஓர் அம்மா வாங்க வரவில்லை. கேட்டால், "போட்டோவுக்கு நிற்க எனக்கு இஷ்டமில்லை" என்கிறார். நன்றி இல்லாமல் பேசுவதாகப் பலருக்கு வருத்தம். (பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ஒருவர்)

அந்த அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது, அக்கா. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, பின்னாளில் தோர்ணக்கல் பேராயரான வி. எஸ். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்துப் பேசியதும் இதைத்தான். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்றைக்கு அது பலருக்குக் கசந்தது.

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள். சேலையைக் கொண்டு போகாதீர்கள். அவர் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். சேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், என்ன நிறம் பிடிக்கும் என்றும் அப்போது தெரிந்திருக்கும்.

கேள்வி: எனக்கு 79 வயது. நாற்பது வருடம் திருவிருந்து மேசைத் துணிகளை வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். இடுப்பு எலும்பு முறிந்து இப்போது படுக்கை. சபைப் பெண்கள் முறை வைத்து வந்து என்னைத் துடைத்துவிட்டு, தலை வாரிவிட்டுப் போகிறார்கள். வெட்கமாக இருக்கிறது. செய்த கைக்கு வாங்கத் தெரியவில்லை. (ஒரு பாட்டி, நாசரேத் அருகே)

அக்கா, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். வேறொருவர் கையால் எழுதி, கீழே உங்கள் கையெழுத்து மட்டும் நடுங்கியிருந்தது.

பேதுருவுக்கும் இதே வெட்கம்தான். என் கால்களை நீர் ஒருக்காலும் கழுவக் கூடாது என்று காலை இழுத்துக்கொண்டார். அவரை ஆண்டவர் விடவில்லையே. ஏமி அம்மையாரும் 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின், கடைசி இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி ஒரே அறையில் கிடந்தார். ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்தவரைத் தூக்கி உட்காரவைத்தது பிறர் கைகள்தான்.

தலை வாரிவிட வருகிற பெண் அவசரமாக வாரினால், மெதுவாக வாரு என்று சொல்லுங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் கேளுங்கள். கேட்காமல் பொறுத்துக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் பேர் என்ன, வீட்டில் என்ன பாடு என்று விசாரியுங்கள். படுக்கையிலிருந்தும் அதைச் செய்யலாம்.

இன்னொன்று. இப்போது அந்தத் துணிகளை யார் துவைக்கிறார்கள்? அவளை ஒரு நாள் வரச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியில் திராட்சை ரசம் சிந்தினால் முதலில் உப்பா, எலுமிச்சையா, வெயிலில் எவ்வளவு நேரம் போட வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். எனக்கும் எழுதுங்கள். எங்கள் கோயில் துணியில் ஈஸ்டர் அன்று விழுந்த கறை இன்னும் அப்படியே இருக்கிறது.