பழைய குக்கருக்கு மறுபிறவி உண்டா?

கேள்வி: வீட்டில் ஓட்டை விழுந்த அலுமினிய குக்கர்கள் கிடக்கின்றன. கடையில் போட்டால் திரும்பவும் பாத்திரமாகுமா? எல்லோரும் இப்படிப் போட்டால் மலையை வெட்ட வேண்டாமே?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: தாராளமாக ஆகும் அம்மா. செவ்வாய்ப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். குக்கர் வந்ததும் கைப்பிடியைக் கழற்றுவோம், ரப்பரை உருவுவோம், ஸ்க்ரூவில் காந்தம் வைப்போம். ஒட்டினால் அது இரும்பு, தனிச் சாக்குக்குப் போகும். அலுமினியத்தோடு இரும்பு கலந்து உருகிவிட்டால் அப்புறம் பிரிப்பது பெரும்பாடு. நீங்களே கழற்றிக் கொண்டுவந்தால் விலை கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள், தப்பில்லை.

ஒரு டன் அலுமினியத்துக்கு சுமார் 4 டன் பாக்சைட் என்ற தாது மண் வேண்டும். நம் சேர்வராயன் மலையிலும் அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலம் உண்டு. பழசை உருக்கினால் மண்ணும் வெட்ட வேண்டாம், ஆற்றலும் சுமார் 95 சதவீதம் மிச்சம்.

ஆனால் சுரங்கத்தையே மூடிவிடலாமா என்றால், அங்கேதான் இடிக்கிறது. இதுவரை உருக்கிய அலுமினியத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் ஜன்னலாக, மின்கம்பியாக, வண்டியாகப் புழக்கத்தில் இருக்கிறது. இன்று இழுக்கும் கம்பி என் தராசுக்கு வரப் பல வருஷம் ஆகும். உலகத்தின் தேவையோ அதுவரை காத்திருக்காது.

எல்லா உலோகமும் அலுமினியம் மாதிரி இல்லை, வெள்ளி கதை வேறு. எங்கள் பேட்டை கொலுசுப் பட்டறைகளில் கூட்டிய தூசியைக்கூடச் சேர்த்துவைத்து வெள்ளி பிரிப்பார்கள். சோலார் பலகையிலும் வெள்ளி உண்டு. ஆனால் கிராம் கணக்கில்தான், எடுக்கிற கூலிக்குக் கட்டுப்படியாவது கஷ்டம்.

குக்கர் வெயிட் பித்தளையாக இருந்தால் தனியாகக் காட்டுங்கள். அதற்கு விலை வேறு.