புதுக்கடையும் ஃபுளோரன்சும்

அன்புள்ள ஐயா,

நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தைச் சேர்ந்தவன். முதுகலை வரலாறு படிக்கிறேன். சில மாதங்களாகப் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ராஜதந்திரி குவிச்சார்தினியின் குறிப்புகளை ஆங்கிலத்தில் வாசித்துவருகிறேன். அரசியல், வரலாறு, மனித சுபாவம் பற்றி அவர் சுருக்கமாக எழுதிவைத்தவை. தினம் ஒன்றைத் தமிழாக்கி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுகிறேன். நம் மாவட்டத்து அரசியல்வாதிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் வாசிக்க வாசிக்க யார்மீதும் நம்பிக்கை இல்லாமல் போகிறது. இவரை வாசிப்பது நல்லதுதானா? அதே ஊர், அதே காலத்து அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியைவிட இவர் பெரியவரா? பாதிரிமாரை அவ்வளவு வெறுத்தவர் போப்பாண்டவர்களிடம் எப்படி வேலை பார்த்தார்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாக்கியவெல்லியா இவரா என்ற பேச்சை விட்டுவிடுவோம். இருவரும் நண்பர்கள். இருவரையும் வாசியுங்கள், போதும்.

அந்த ஸ்டேட்டஸ் விஷயம்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. எடுத்ததற்கெல்லாம் பழைய ரோமானியரை உதாரணம் காட்டுகிறவர்களைக் கண்டால் குவிச்சார்தினிக்கு ஆகாது. நிலைமை அச்சு அசலாக ஒன்றாக இல்லாவிட்டால் உதாரணம் வழிதவறத்தான் வைக்கும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவரின் வரிகளை எடுத்து, நமது ஒன்றியக் கவுன்சிலர்கள் நெற்றியில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு வரலாறு முதுகலை எதற்கு?

அந்தக் குறிப்புகள் எப்படி வந்தன என்று யோசித்தீர்களா? ஸ்பெயினில் தூதராக இருந்தவர், மோதெனாவில் ஆளுநராக இருந்தவர். 1526இல் போப்பின் படைகளுக்குப் பொறுப்பாளர். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிராகப் பிரான்சோடு சேரும்படி போப்புக்கு யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். மறுவருடம் மே மாதம் பேரரசரின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. சொந்த ஊரான ஃபுளோரன்சிலும் ஆட்சி மாறியது. பதவி போய், பெயரும் கெட்டு உட்கார்ந்திருந்த அந்த 1527இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? நீதிமன்றத்தில் பேசுவதுபோல ஓர் உரை எழுதினார். குற்றவாளி அவரேதான். பதவி ஆசை பிடித்தவன், படைவீரர் சம்பளத்தில் கைவைத்தவன், நாட்டை அழிவில் கொண்டுபோய் விட்டவன் என்று எதிரி சொல்லக்கூடியதை எல்லாம் தன் கையாலேயே தன்மீது எழுதினார். அப்புறம்தான் தற்காப்பு.

இந்த மனிதர்தான் 1530இல் 221 குறிப்புகளைக் கடைசி வடிவத்தில் எழுதி முடித்தார். அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1540இல் இறந்தார், 1576இல் பாரிஸில் முதன்முதலாக அச்சானது. மனிதர்கள் இயல்பாகவே நன்மையின் பக்கம் சாய்ந்தவர்கள், ஆனால் பலவீனமானவர்கள், ஆசை காட்டினால் விலகிப்போவார்கள் என்கிறார் ஓரிடத்தில். யாரையும் நம்பாதவன் எழுதக்கூடிய வரியா அது? உங்களுக்கு நம்பிக்கை போனது அவரால் அல்ல. மற்றவர்களை அளக்க மட்டுமே அவரை எடுத்தீர்கள், அதனால்.

இதை நான் கொஞ்ச நாளாகவே வேறொரு விஷயத்தை வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்தது அது. 1954 ஆகஸ்ட் 11. அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த விளவங்கோடு தாலுகாவில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள்மீது போலீஸ் சுட்டது. நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் நடத்திய போராட்டம். 1956 நவம்பர் 1இல் இன்று நம் மாவட்டமாக இருக்கிற அன்றைய நான்கு தாலுகாக்களும் இந்தப் பக்கம், தமிழகத்துக்கு வந்தன. இதெல்லாம் மேடையில் கேட்டிருப்பீர்கள். மேடையில் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு.

அன்று திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அரக்கன் இல்லை அவர். மன்னராட்சிக் காலத்தில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த சி.பி. ராமசாமி ஐயரின் அடக்குமுறையை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். 1938இல் நெய்யாற்றின்கரையில் திவானின் ஆட்சி ஜனங்களைச் சுட்டபோது, அந்த ஜனங்களின் பக்கம் நின்ற தலைவர். பதினாறு வருடம் கழித்து, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், அவருடைய ஆட்சியிலேயே துப்பாக்கி வெடித்தது. நன்மையின் பக்கம் சாய்ந்தவர், நாற்காலிக்கு முன்னால் பலவீனமானவர்.

அப்போது அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் வாய்க்கால் வரியை எதிர்த்துப் போராடி நைனி சிறையில் இருந்தார். செய்தி கிடைத்ததும் உள்ளேயிருந்தே தந்தி அடித்தார்: ஆட்சி ராஜினாமா செய்ய வேண்டும். எதிர்க்கட்சி ஆட்சி அல்ல, தன் கட்சி ஆட்சி. பட்டம் தாணுபிள்ளை மறுத்தார். கட்சியின் பெரும்பான்மை பட்டத்தோடு நின்றது. லோகியா பொறுப்பை விட்டு விலகினார், பின்னால் கட்சியே பிளந்து அவர் தனிக் கட்சி கண்டார். பட்டத்தின் ஆட்சியோ 1955 பிப்ரவரியில் எப்படியும் கவிழ்ந்தது.

லோகியாவுக்கு இந்த ஊர் ஜனங்களிடம் ஒரு ஓட்டு கிடையாது. மொழி தெரியாது. சிறையிலிருந்து பார்த்தால் எதிர்க்கட்சியைத் திட்டுவதுதான் சுலபம். அவர் தன் ஆளைக் கேட்டார். குவிச்சார்தினி தனியறையில் தன்மீது எழுதிய குற்றப்பத்திரிகையை லோகியா ஊரறியத் தன் கட்சிமீது எழுதினார் என்றே சொல்வேன். அரசியல் ஞானம் என்று எதையாவது நான் மதிப்பதென்றால் இதைத்தான் மதிப்பேன். நம் ஆள் சுட்டால் என்ன சொல்வோம்? நமது சாதிக்காரர், நமது சபைக்காரர், நமது கட்சிக்காரர் செய்தால்? இந்த மாவட்டத்தில் பிறந்த எனக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து ஒளிய இடமில்லை. 1982இல் மண்டைக்காட்டில் துப்பாக்கிச்சூடு வரை போன இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பற்றி இன்றைக்கும் அவரவர் பக்கத்துக் கதையைத்தானே சொல்கிறோம்?

என் பெரியப்பாவுக்குப் புதுக்கடையில் ஒரு சாயாக்கடை இருந்தது. பலகை அடித்து மூடுகிற கடை. சூடு நடந்த அன்று பாதிப் பலகை போட்டபிறகுதான் சத்தம் கேட்டது என்பார். ரோட்டில் செருப்பும் குடையும் கிடந்தன. பொழுது சாயும்போது ஒரு போலீஸ்காரர் பலகை இடுக்கில் வந்து நின்று, “கொஞ்சம் வெள்ளம் தாரும்” என்றாராம். தினமும் வந்து சாயா குடிக்கிற ஆள். பெரியப்பா செம்பில் மொண்டு கொடுத்தார். அந்த ஆள் குடிக்காமல் முகத்தைக் கழுவினார், மறுபடியும் நீட்டினார், மறுபடியும் கழுவினார். அந்த ஒரு செம்புத் தண்ணிக்காக உறவில் சிலர் பெரியப்பாவோடு வருடக்கணக்கில் பேசவில்லை. “தாகமுண்டுண்ணு கேட்டா குடுக்கத்தானே மக்களே செய்யணும்?” என்பார் என்னிடம். ஊர்வலத்தில் போனவர் அவருடைய மச்சினர். அதனால் இது இளகிய மனசுக்காரர் கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கடைசிக் கேள்வி. குவிச்சார்தினி அந்த போப்புகளிடம் எப்படி வேலை பார்த்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். பதவியின் பொருட்டு அவர்களுடைய பெருமையை விரும்ப வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் போப்பை எதிர்த்துக் கிளம்பிய மார்ட்டின் லூத்தரைத் தன்னைப்போலவே நேசித்திருப்பேன் என்கிறார். அதை நல்ல பேராக்க அவர் முயலவில்லை.

சரி, ஸ்டேட்டஸை நிறுத்துங்கள். ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் 1954ஐ எடுங்கள். நம் பக்கத்துத் துண்டறிக்கைகளோடு அன்றைய மலையாளப் பத்திரிகைகளையும் வாசியுங்கள். பட்டம் தன் பக்கத்தில் என்ன சொன்னார் என்பதை அவருக்குச் சாதகமாகவே முதலில் எழுதிப் பாருங்கள். குலசேகரத்துக்காரருக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். எழுதியதை அனுப்புங்கள், வாசிக்கிறேன்.