போனைச் சாய்த்து ஆடும் கேமில் மட்டை நடுங்குவது ஏன்?

கேள்வி: செங்கல் உடைக்கும் பழைய பாணி கேம் ஒன்றை பிரௌசரில் ஓடும்படி எழுதியிருக்கிறேன். போனை இடம் வலமாகச் சாய்த்தால் மட்டை நகர வேண்டும். போன் திரும்புவதை அளக்கும் ஜைரோஸ்கோப் சென்சார் தரும் எண்களைக் கூட்டிக் கோணம் கண்டுபிடிக்கிறேன். மட்டை நடுங்குகிறது, சும்மா வைத்திருந்தாலும் மெல்ல ஒரு பக்கம் ஒதுங்குகிறது. ஐபோனில் அசைவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒதுங்குவதற்குக் காரணம் அந்தக் கூட்டல்தான். ஜைரோஸ்கோப் கோணத்தைச் சொல்வதில்லை, போன் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைத்தான் சொல்கிறது. அசையாத போனிலும் அது சரியாகப் பூஜ்யம் காட்டாது. அந்தச் சின்னப் பிழை சேரச் சேர மட்டை நகர்ந்துவிடும். கூட்டலை விட்டுவிட்டு, பிரௌசரின் டிவைஸ்ஓரியன்டேஷன் ஈவென்ட் தரும் காமா மதிப்பை, அதாவது இட வலச் சாய்வின் கோணத்தை எடுங்கள். அதன் கணக்கில் புவியீர்ப்புத் திசையும் சேர்ந்திருப்பதால் அப்படி ஒதுங்காது.

அடுத்து, சாய்வை மட்டையின் வேகமாக மாற்றாதீர்கள். நேராக இடமாக மாற்றுங்கள். 1976-இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட செங்கல் உடைக்கும் கேமான பிரேக்அவுட்டை ஒரு திருகு குமிழால்தான் ஆடினார்கள். குமிழ் எங்கே நிற்கிறதோ மட்டையும் அங்கே நிற்கும். அந்த வகை கேமின் சுகமே இதுதான், இதை இழந்தால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. 25 டிகிரி இடப்பக்கம் சாய்த்தால் திரையின் இடது ஓரம், வலப்பக்கம் சாய்த்தால் வலது ஓரம் என்று வைத்துப் பாருங்கள். எல்லோரும் போனை ஒரே மாதிரி பிடிப்பதில்லை. அதனால் தொடக்கப் பொத்தானைத் தொடும் நொடியில் இருக்கும் கோணத்தையே நடுவாகக் கொள்ளுங்கள்.

இனி நடுக்கம். பழைய மதிப்பில் 0.8 பங்கு, புதியதில் 0.2 பங்கு என்று கலந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆசைப்பட்டு பழையதன் பங்கை 0.95-க்குக் கொண்டுபோனால், நொடிக்கு 60 முறை தகவல் வரும் போனில் மட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி பின்தங்கும், பந்தைப் பிடிக்கவே முடியாது. சாய்வு சட்டென்று மாறும்போது புதியதன் பங்கைக் கூட்டி, கை நிதானமாக இருக்கும்போது குறைத்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் ஆடும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

போனை முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்தால் காமா தாறுமாறாகத் தாவும். சற்றுப் படுக்கையாகப் பிடிக்கும்படி ஆடுபவரிடம் சொல்லிவிடுங்கள். திரையைப் பக்கவாட்டில் திருப்பி ஆடுவதென்றால் காமாவுக்குப் பதில், அதே ஈவென்ட் தரும் முன் பின் சாய்வுக் கோணமான பீட்டாவைப் படிக்க வேண்டும்.

அப்புறம் ஐபோன். ஐஓஎஸ் 13 முதல் சஃபாரியில் சென்சாரைப் படிக்க ஆடுபவரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கேட்கும் ரிக்வெஸ்ட்பெர்மிஷன் அழைப்பை அதே தொடக்கப் பொத்தானைத் தொடும்போது செய்யுங்கள். பக்கம் திறந்ததும் தானாக அழைத்தால் அனுமதி கேட்கும் பெட்டி வராது. பக்கமும் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும். அனுமதி மறுப்பவர்களுக்காக, விரலால் இழுத்து ஆடும் வழியையும் சேர்த்துவிடுங்கள்.