பைத்தான் 3.8-உம் வேண்டும், 3.12-உம் வேண்டும்: ஒரே லினக்ஸில் எப்படி?

கேள்வி: சார், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு டேனரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஃபினிஷிங் முடிந்த தோலை மேஜையில் விரித்து, மேலே உள்ள கேமரா எடுக்கும் படத்திலிருந்து சதுர அடி கணக்கிடும் புரோகிராம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பாதி பைத்தான், பாதி சி++. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். உபுண்டு 20.04-இல் ஒழுங்காக ஓடியது. புதுக் கம்ப்யூட்டரில் 24.04 போட்டதும் கம்பைல் ஆகவில்லை. பைத்தான் 3.8 வேண்டும் என்று தெரிந்து, சோர்ஸை இறக்கிக் கம்பைல் செய்து, பைத்தான்3 என்ற லிங்க்கை 3.8 பக்கம் திருப்பிவிட்டேன். அன்றிலிருந்து டெர்மினல் திறக்கவில்லை. இன்னொரு வழியாக உள்ளே போய், பேக்கேஜ்களைப் போடும் கட்டளையான ஏபிடி-யை ஓட்டினால் அதுவும் பிழை காட்டுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துவிடட்டுமா? இரண்டு பதிப்பும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்க வழி உண்டா?

பதில்: அழிக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு லிங்க் தவறான திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். காட்பாடியில் என்னிடம் படிக்க வந்த ஒரு மாணவி இதே நிலையில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டு, இறுதி ஆண்டு புராஜெக்ட்டையும் சேர்த்து இழந்துவிட்டு வந்து நின்றார். ஒரு வரியில் சரியாகியிருக்க வேண்டியது அது. அதனால்தான் முதல் வார்த்தையாக இதைச் சொல்கிறேன்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வந்து லாகின் கேட்கும். உள்ளே போய் இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்:

சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.12 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் வழியாகத் திருப்பியிருந்தால், இதற்கு முன்பு அதே கட்டளைக்கு --ரிமூவ்-ஆல் பைத்தான்3 என்று கொடுத்து அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பலாம். டெர்மினல் திறக்கும், ஏபிடி-யும் ஓடும்.

இது ஏன் நடந்தது? உபுண்டுவில் பைத்தான் என்பது நாம் புரோகிராம் எழுத மட்டும் வைத்திருக்கும் மொழி அல்ல. அந்த சிஸ்டமே அதை நம்பி ஓடுகிறது. டெர்மினலைத் திறக்கும் கட்டளையே ஒரு சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட். ஏபிடி-யோடு சேர்ந்து ஓடும் துணைக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதியவை. அவை தேடும் ஏபிடி_பிகேஜி என்ற மாட்யூல் 24.04-இல் பைத்தான் 3.12-க்காகவே கம்பைல் ஆகியிருக்கிறது. 3.8-இடம் போய்க் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்றுதான் சொல்லும்.

நம் ஊர்க்காரருக்கு இதைப் புரிய வைப்பது எளிது. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்து போனது. 2019-இல் வேலூர் மூன்றாகி, உங்கள் ராணிப்பேட்டையே தனி மாவட்டம் ஆனது. ஆகவே ‘வட ஆற்காடு’ என்ற பெயர் எந்த எல்லையைக் குறிக்கிறது என்பது பத்திரத்தில் உள்ள ஆண்டைப் பார்த்தால்தான் தெரியும். ‘பைத்தான்3’ என்பதும் அப்படிப்பட்ட பெயர்தான். 20.04-இல் அது 3.8. 22.04-இல் 3.10. 24.04-இல் 3.12. பெயரைத் திருத்த நினைத்தால் அதை நம்பியிருக்கும் எல்லாம் தடுமாறும். பெயரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழி. இரண்டு பதிப்பு என்ன, ஏழு பதிப்புகூட ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் இருக்கும், ஒவ்வொன்றும் தனி ஃபோல்டரில் இருந்து, ஒவ்வொன்றையும் அதன் எண்ணோடு கூப்பிட்டால்.

இப்போது 3.8-ஐ முறையாகப் போடுவோம். கம்பைல் செய்வதற்கு முன் பில்ட்-எசென்ஷியலோடு, ஓபன்எஸ்எஸ்எல், எஃப்எஃப்ஐ, இசட்லிப், எஸ்க்யூலைட், ரீட்லைன், பிஇசட்2, எல்இசட்எம்ஏ ஆகியவற்றின் ‘-டெவ்’ பேக்கேஜ்களையும் போட்டுவிடுங்கள். இவை இல்லாவிட்டாலும் பைத்தான் கம்பைல் ஆகிவிடும், அதுதான் ஆபத்து. எல்லாம் முடிந்து, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் கருவியை ஓட்டும்போதுதான் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று தெரியவரும். கம்பைலை நடத்தும் மேக் என்ற கட்டளை முடிந்ததும் கடைசி வரிகளில், எந்தெந்த மாட்யூல்களைக் கட்ட முடியவில்லை என்று ஒரு பட்டியல் வரும். அதைப் படிக்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

3.8 வரிசையின் கடைசி வெளியீடு 3.8.20. அதன் சோர்ஸ் ஃபோல்டருக்குள் போய்:

./கான்ஃபிகர் --பிரிஃபிக்ஸ்=/ஆப்ட்/பைத்தான்-3.8
மேக் -ஜே4
சூடோ மேக் ஆல்ட்இன்ஸ்டால்

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பிரிஃபிக்ஸ் கொடுக்காவிட்டால் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல்-இல் போய் விழும். டெர்மினலில் தேடல் வரிசையில் அந்த இடம் /யூஎஸ்ஆர்/பின்-க்கு முன்னால் நிற்கிறது. அதனால் எந்த லிங்க்கையும் தொடாமலேயே நீங்கள் அடிக்கும் பைத்தான்3 மாறிப்போகும். இரண்டாவது, மேக் இன்ஸ்டால் என்று அடித்தால் பைத்தான்3 என்ற பொதுப்பெயரிலும் ஒரு லிங்க் உருவாகும். ஆல்ட்இன்ஸ்டால் என்றால் பைத்தான்3.8 என்ற எண்ணுள்ள பெயர் மட்டும் வரும். முன்பு போட்டதில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் பைத்தான்3, பிப்3 என்ற லிங்க்குகள் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள். ‘டைப் -ஏ பைத்தான்3’ என்று அடித்தால் அந்தப் பெயரில் எத்தனை இருக்கின்றன, எது முதலில் வருகிறது என்று காட்டும். நீக்கிய பிறகும் பழைய இடத்தையே தேடினால் ‘ஹாஷ் -ஆர்’ கொடுங்கள். நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் பாஷ், ஒருமுறை கண்டுபிடித்த பாதையை நினைவில் வைத்துக்கொள்ளும், அதை மறக்கச் சொல்வது இது.

கம்பைல் ஓடும்போது கரண்ட் போனால் என்ன செய்வது? அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர்ப் பக்கம் இதைக் கேட்காமல் யாரும் இருப்பதில்லை. மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மைதான். ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் அரைகுறையாகவோ பூஜ்ய பைட்டாகவோ நின்றிருக்கலாம். மேக் அதன் நேரத்தை மட்டும் பார்த்து, முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். பிறகு லிங்க் செய்யும் கட்டத்தில் புரியாத பிழை வரும். யூபிஎஸ் இல்லாவிட்டால் ‘மேக் கிளீன்’ கொடுத்து முதலிலிருந்து ஓட்டுவதே நல்லது.

இனி இந்த 3.8-ஐக் கொண்டு வென்வ் ஒன்று, அதாவது இந்தப் புரோகிராமுக்கென்று தனியான பைத்தான் ஃபோல்டர் ஒன்று, உருவாக்குங்கள்: /ஆப்ட்/பைத்தான்-3.8/பின்/பைத்தான்3.8 -எம் வென்வ் என்று அடித்து, அதை அடுத்து நீங்கள் வைக்கும் ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள். எந்தப் பைத்தானால் உருவாக்கினீர்களோ அதையே அந்த வென்வ் பிடித்துக்கொள்ளும். எண் கணக்குக்கான நம்பை லைப்ரரியில் 1.24 வரிசைதான் 3.8-இல் ஓடும் கடைசி வரிசை, அதைப் போடுங்கள். 24.04-இல் சிஸ்டம் பைத்தானுக்கு நேரடியாகப் பிப் ஓட்டினால், இது வெளியார் நிர்வகிக்கும் சூழல் என்று மறுக்கும். அதை மீற --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று ஒரு வழி இருக்கிறது. ‘சிஸ்டத்தை உடை’ என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கும் அதைத் தொடவே வேண்டாம். வென்வ் உள்ளே அந்தத் தடை வராது.

சோர்ஸிலிருந்து கட்டும் சிரமம் வேண்டாம் என்றால் பைஎன்வ், யூவி போன்ற கருவிகள் இருக்கின்றன. பைஎன்வ் இதே கம்பைலை உங்களுக்காகச் செய்யும். யூவி ஏற்கெனவே கட்டியதை இறக்கித் தரும். சொந்தமாகக் கற்பவருக்கு இரண்டும் நல்லவை. ஆனால் ஆலையில் ஓடும் கம்ப்யூட்டருக்கு நான் /ஆப்ட் வழியைத்தான் சொல்வேன். காரணம், பைஎன்வ் உங்கள் பயனர் கணக்கின் பாஷ்ஆர்சி அமைப்பை நம்பி நிற்கிறது. சூடோ போட்டால் அந்தப் பாதை தெரியாது. கிரான், சிஸ்டம்டி வழியாகக் காலையில் தானாகத் தொடங்கும் புரோகிராமுக்கும் தெரியாது. ‘கையால் ஓட்டினால் ஓடுகிறது சார், ஷிஃப்ட் தொடங்கும்போது தானாக ஓடவில்லை’ என்று என்னிடம் வந்த பலருக்கும் கோளாறு இதில்தான் இருந்தது. சிஸ்டம்டி ஃபைலில் வென்வ்-க்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.

அடுத்து சி++ பாதி. பழைய கம்ப்யூட்டரில் சி++ பகுதியைக் கம்பைல் செய்து கட்டிய ‘.எஸ்ஓ’ ஃபைலைக் காப்பி செய்து பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பெயரிலேயே ‘சிபைத்தான்-38’ என்று ஒரு துண்டு இருக்கும். பைத்தான் 3.12 ‘சிபைத்தான்-312’ என்று இருப்பதைத்தான் தேடும். ஃபைல் கண்ணெதிரே இருந்தாலும் மாட்யூல் இல்லை என்று சொல்வது அதனால்தான். பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பதிப்பிலும் பைத்தானின் உள் அமைப்புகள் மாறுகின்றன. புரோகிராம் பாதியில் விழலாம், தவறான எண்ணையும் தரலாம். தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கைமாறும் இடத்தில் அது வரவே கூடாது.

சி, சி++ கம்பைலரான ஜிசிசி 24.04-இல் 13-ஆம் பதிப்பு, 20.04-இல் இருந்தது 9. உடனே பழைய ஜிசிசி-யைத் தேடி ஓட வேண்டாம். முதல் பிழையை மட்டும் நிதானமாகப் படியுங்கள். யூஇன்ட்8_டி என்பது என்ன வகை என்று தெரியவில்லை என வந்தால், சோர்ஸ் ஃபைலின் மேலே சிஎஸ்டிடிஇன்ட் என்ற ஹெடரைச் சேர்க்கும் ஒரே வரி போதும். முன்பெல்லாம் வேறு ஹெடர்கள் அதைத் தாமாகவே இழுத்துக்கொண்டு வந்தன. 13-இல் அது நின்றுவிட்டது. படத்தைக் கையாளும் புரோகிராம் என்பதால் உங்களுக்கும் இதுவே வர வாய்ப்பு அதிகம். ‘பைட்’ என்ற பெயர் குழப்பமாக இருக்கிறது என்று வந்தால், ஜிசிசி 11 முதல் சி++17 இயல்பாகிவிட்டதுதான் காரணம். -எஸ்டிடி=சி++14 என்று கொடுத்துப் பாருங்கள். சி-யில் எழுதிய பகுதி இருந்து, ஒரே மாறி பல இடங்களில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று லிங்க்கர் சொன்னால், ஜிசிசி 10-இல் வந்த மாற்றம் அது. -எஃப்காமன் என்ற கொடி உடனடியாகச் சமாளிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு மசியவில்லை என்றால் ஜிசிசி-9, ஜி++-9 பேக்கேஜ்களை ஏபிடி-யிலேயே போடலாம். அவை எண்ணுள்ள பெயரோடுதான் வரும், 13-ஐத் தொடாது. பொது ஜிசிசி லிங்க்கை மட்டும் மாற்றாதீர்கள். கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; அதில் சேரும் மாட்யூல்கள் அதைக் கட்டிய கம்பைலரோடு ஒத்துப்போக வேண்டும். லிங்க்கை மாற்றிவிட்டால், அடுத்த கெர்னல் அப்டேட்டில் கிராஃபிக்ஸ் டிரைவர் கட்ட முடியாமல் நிற்கலாம். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் முன்னால் எழுதினால் போதும்:

சிசி=ஜிசிசி-9 சிஎக்ஸ்எக்ஸ்=ஜி++-9

இரண்டையும் கொடுங்கள். பைத்தானின் பழைய பில்ட் முறை கம்பைலுக்கு ஒன்றையும் லிங்க்குக்கு மற்றொன்றையும் எடுக்கும். சிமேக் பயன்படுத்தினால் பழைய பில்ட் ஃபோல்டரை முழுதாக நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். முதல்முறை பார்த்த கம்பைலரை அது கேஷ் ஃபைலில் எழுதிவைத்திருக்கும், அதன்பின் நீங்கள் சொல்வதைக் கேட்காது.

ஆலையில் இன்னொரு கம்ப்யூட்டர் இன்னும் 20.04-இல் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். புதியதில் கட்டி அதற்குக் கொண்டுபோகாதீர்கள். புரோகிராம்கள் நம்பி நிற்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 24.04-இல் 2.39, அங்கே 2.31. பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம். இரண்டுக்கும் வேண்டுமென்றால் பழையதிலேயே கட்டுங்கள், அல்லது டாக்கர், பாட்மேன் இரண்டில் ஒன்றில் 20.04 கன்டெய்னர், அதாவது தனி அறை போல ஒதுங்கி ஓடும் சூழல், வைத்து அதற்குள் கட்டுங்கள்.

ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. பைத்தான் 3.8-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. ஆகவே இந்தக் கம்ப்யூட்டரை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். 3.12 கொண்டு இன்னொரு வென்வ் உருவாக்கி, அதில் செட்அப்டூல்ஸ், நம்பை 1.26 போட்டு, இதே சோர்ஸைக் கட்டிப் பாருங்கள். உங்களுக்கு முதலில் கம்பைல் ஆகாமல் போனதற்கு, சி++ பகுதிகளைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் 3.12-இல் நீக்கப்பட்டது காரணமாக இருந்திருக்கலாம். செட்அப்டூல்ஸ் இருந்தால் பல நேரம் அது தானாகவே சரியாகிவிடும். கட்டி முடித்ததும் ஒரே தோலை இரண்டு வென்வ்-இலும் அளந்து, இரண்டு எண்ணும் ஒன்றுதானா என்று பத்து இருபது தோல்களுக்காவது சரிபாருங்கள். ஒத்துவந்தால் சிஸ்டம்டி ஃபைலில் பாதையை மாற்றுங்கள். ஒரு மாதம் சிக்கலில்லாமல் ஓடிய பிறகு பழைய வென்வ்-ஐயும் /ஆப்ட்/பைத்தான்-3.8 ஃபோல்டரையும் நீக்கிவிடலாம். வேறெங்கும் எதையும் தேடித் துடைக்க வேண்டியிருக்காது.