ஆராய்ச்சி சொன்னால் நம்பிவிடலாமா? – கேள்வி பதில்

குடியாத்தம் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவரிடம் நம் வாசகர்கள் கேட்டவை இவை. பதில்கள் அவர் எழுதித் தந்தபடியே.

காட்பாடி மாணவி: விஞ்ஞானிகள் கண்ணால் பார்த்ததைத்தானே எழுதுகிறார்கள்? நடுவில் கோட்பாட்டுக்கு என்ன வேலை, சார்?

எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று கண்ணுக்குச் சொல்லித் தருவதே கோட்பாடுதான் அம்மா. உதாரணத்துக்கு நீ தூரம் போக வேண்டாம், கரிகிரி தொழுநோய் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது.

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிரும் என்று அப்போது ஊர் மட்டும் இல்லை, மருத்துவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். அழுகுகிற சதையில் தையல் எப்படி நிற்கும்? அதனால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்த யாரும் துணியவில்லை. செய்து பார்க்காததால் அந்த நினைப்பு தப்பு என்று காட்டவும் ஆள் இல்லை. கோட்பாடு தனக்குத் தானே காவல் போட்டுக்கொள்வது இப்படித்தான்.

பிராண்ட் ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் திணறினார். நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. பிறகு சூடான பாத்திரமும் சாவியும் செருப்பு ஆணியும்தான் கையையும் காலையும் தின்கின்றன. ராத்திரியில் விரல் காணாமல் போன சிலரைக் கவனித்தபோது தூக்கத்தில் எலி கடித்தது தெரிந்தது. வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்! காயத்தைக் கவனித்தால் மற்றவர்களுக்குப் போலவே ஆறியது. அதன் பிறகுதான் தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையும், எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பும் வந்தன.

கிருமி என்னவோ 1873லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் கண்ட அதே கிருமிதான். விரல் ஏன் போகிறது என்ற விளக்கம் மாறியது, செருப்புத் தைப்பதும் சிகிச்சையில் சேர்ந்தது.

ஆற்காடு வாசகர்: பரிணாமம் வெறும் தியரிதானே? இன்னும் நிரூபிக்கவில்லையே?

கிருமியால் நோய் வரும் என்பதும் தியரிதான். அதை நம்பித்தான் அறுவைக்கு முன் கத்தியைக் கொதிக்க வைக்கிறார்கள். உடைத்துப் பார்க்க நிறைய பேர் முயன்றும் நின்று பிடித்தது என்றால் அறிவியலில் தியரி என்பதற்குமேல் எந்தப் பட்டமும் கிடையாது.

திருப்பத்தூர் வாசகர்: ஒரே அளவீட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க முடியுமா?

உங்கள் ஜவ்வாது மலையிலேயே நடந்திருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று காவலூர் வான் ஆய்வகத்தில் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைக்கும் முன்பே வெளிச்சம் ஒரு தரம் மங்கியது. இது ஒரு புதிய துணைக்கோளாக இருக்கும் என்று எழுதி அனுப்பினார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் அமெரிக்கர்கள் விமானத்தில் வைத்த தொலைநோக்கியில் கோளுக்கு இந்தப் பக்கம் பல மங்கல், அந்தப் பக்கமும் அதே வரிசையில் பல மங்கல். துணைக்கோள்கள் அப்படி ஜோடி ஜோடியாக நிற்காது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று ஆனது.

ராணிப்பேட்டை வாசகர்: எங்கள் கிணற்றில் குரோமியம் இருக்கிறதா என்று எப்படி நம்பகமாகத் தெரிந்துகொள்வது?

என் துறை இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் விசாரியுங்கள். மொத்தக் குரோமியம் வேறு, ஆறு இணைதிறன் குரோமியம் வேறு. ஆபத்து பின்னதில்தான் அதிகம். எதை அளந்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

வாலாஜா வாசகர்: ஜாதகமும் ஒரு விஞ்ஞானம்தானே?

எது நடந்தால் ஜாதகம் தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள்? முதலில் அதை எழுதி அனுப்புங்கள்.

வேலூர் ஆசிரியை: வெளிநாட்டு ஆராய்ச்சி முடிவு நமக்குப் பொருந்துமா?

சில பொருந்தும், சில பொருந்தாது; இங்கே அளந்து பார்க்காமல் தெரியாது. போலியோ சொட்டு மருந்து மூன்று தடவை போதும் என்பது மேல்நாட்டுக் கணக்கு. 1970களில் வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான் வேலூர்க் குழந்தைகளிடம் பார்த்தபோது, மூன்று தடவைக்குப் பிறகும் பலருக்குப் போதுமான எதிர்ப்புச் சக்தி வரவில்லை. அப்புறம் நம் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கொடுத்தோம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். எந்த ஆய்வைப் படித்தாலும், யாரிடம் செய்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். நான் இதையே சொல்லிக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோளிங்கர் வாசகர்: பரிணாமம் தியரிதானே?

ஆற்காட்டுக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

வாணியம்பாடி வாசகர்: கீழாநெல்லி காமாலையைத் தீர்ப்பதை எங்கள் வீட்டிலேயே கண்ணாரக் கண்டோம். அதற்கும் ஆராய்ச்சிக்காரர்தான் முத்திரை குத்த வேண்டுமா?

எந்தக் காமாலை? தண்ணீர் கெட்டு வருகிற ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாலும் இறங்கும், வெறும் மோர் கொடுத்தாலும் இறங்கும். மஞ்சள் வடிகிற நேரத்தில் கையில் எது இருந்ததோ பேர் அதற்குப் போகும். உங்கள் வீட்டில் கீழாநெல்லி குடிக்காதவர் யார்? யாரோடு ஒப்பிட்டீர்கள்?

அவரே மறுபடியும்: 1988இல் நம் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் நிரூபித்தார்களே, அது தெரியாதா?

தெரியும். நல்ல கேள்வி, முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாம். அது ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் செய்தது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் (59 சதவீதம்) ரத்தத்தில் கிருமியின் அடையாளப் புரதம் இல்லாமல் போனது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர். இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா? ஆனாலும் 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை. வேறு இடங்களிலும் அந்த 59 சதவீதம் திரும்ப வரவில்லை. ஒரு ஆய்வு கதவைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். மற்றவர்களும் அதே வழியில் போய் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

ஆரணி சித்த மருத்துவர்: ஒரு செடியைப் பொடியாக்கி மாத்திரையில் அடைப்பது எங்கள் முறையே இல்லை. எங்கள் முறையை உங்கள் தராசில் நிறுப்பது என்ன நியாயம்? ஆங்கில மருத்துவத்தை இப்படி நிறுத்தீர்களா?

ஐயா, முதல் பாதியை ஏற்கிறேன். எந்த மண், எந்தப் பருவம், எதில் கலந்து கொடுக்கிற அனுபானம், என்ன பத்தியம் என்று நீங்கள் கொடுக்கிறபடியே கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் முதல் ஆளாக வந்து உட்காருகிறேன்.

இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் அமிலத்தாலும் வருகிறது என்று ஆங்கில மருத்துவம் காலம் காலமாகச் சொன்னது. ஒரு கிருமிதான் காரணம் என்று காட்ட, பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். அவர் குடித்ததாலேயே யாரும் நம்பிவிடவில்லை. கிருமியைக் கொன்ற நோயாளிகளையும் கொல்லாத நோயாளிகளையும் ஒப்பிட்ட பிறகுதான் பாடப் புத்தகம் மாறியது. 2005இல் அவருக்கும் கூட்டாளி வாரனுக்கும் நோபல். தராசு எல்லோருக்கும் ஒன்றுதான் ஐயா.

கீழாநெல்லி பற்றி இன்னும் ஒரு கட்டுக் கடிதம் இருக்கிறது. போதும், விடுங்கள்.

பேரணாம்பட்டு வாசகர்: பரிணாமம்…

ஆற்காடு.

வேலூர் மாணவர்: ஒன்று இல்லை என்பதை ஆராய்ச்சியால் சொல்ல முடியுமா?

தேடிய அளவுக்குத்தான் சொல்ல முடியும் தம்பி. எச்.ஐ.வி. நம் நாட்டுக்கு வராது என்று 80களில் பலர் நம்பினார்கள். 1986இல் சென்னையில் செல்லப்பன் நிர்மலா என்ற ஆய்வு மாணவி எடுத்த ரத்த மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுவந்து சோதித்தபோது அகப்பட்டது. அதுவரை வேறு ஊர்களில் தேடியவர்களுக்கு அகப்படவில்லை.

குடியாத்தம் தாய்: பிறந்து 4 நாள் ஆன குழந்தைக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி கொடுக்கலாமா, வெயிலில் காட்டலாமா?

இரண்டும் வேண்டாம் அம்மா. இது வேறு காமாலை. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மஞ்சளாக்குகிற பிலிருபின் ரத்தத்தில் ஏறினால் மூளையைத் தாக்கும், கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. இதைப் படித்ததும் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், ரத்தத்தில் அளந்து பார்ப்பார்கள், தேவைப்பட்டால் நீல விளக்கில் வைப்பார்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள்.