499 ரூபா கீ வாங்கலாமா?

கேள்வி: பொண்ணு பி.காம் முடிச்சிட்டு வீட்ல இருந்தே ரெண்டு மூணு கடைக்கு கணக்கு எழுதுறா. அவளுக்காக பார்ட்ஸ் வாங்கி நானே ஒரு பிசி அசெம்பிள் பண்ணேன், 46,000 ஆச்சு. இப்ப விண்டோஸ் போடணும். பார்ட்ஸ் குடுத்த கடைக்காரர் "500 குடுங்க சார், ஒரிஜினலே போட்டுத் தரேன்"ங்கிறார், ஆன்லைன்ல விண்டோஸ் ப்ரோ கீ 499-க்கு கெடைக்குது, முறையா வாங்கலாம்னு பாத்தா அதவிட சின்ன பதிப்பான ஹோமுக்கே பத்தாயிரத்த சுத்தி வருது. மூணும் ஒரே விண்டோஸ்தானே, அப்புறம் எதுக்கு இவ்ளோ வித்தியாசம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஒரே விண்டோஸ்தான், அதுல சந்தேகமே இல்ல. இன்னும் சொல்லப்போனா அந்த சாஃப்ட்வேர இறக்குறதுக்கு காசே கிடையாது, மைக்ரோசாஃப்ட் சைட்டுல போய் யாரு வேணா எடுத்துக்கலாம். நீங்க காசு குடுக்குறது அத உங்க மிஷின்ல ஓட்டுற உரிமைக்கு. நெலம் வாங்குற மாதிரின்னு வச்சுக்கங்களேன், மண்ணு எல்லாம் ஒரே மண்ணுதான், ஆனா வித்தவனுக்கு விக்கிற உரிமை இருந்துச்சா, வில்லங்கம் இருக்கானு பாப்போம்ல? அந்த 25 எழுத்து கீ-ங்கிறது பத்திர நம்பர் மாதிரி, நம்பர் தெரிஞ்சதால நெலம் நம்மளுது ஆயிடாது.

மொதல்ல அந்த 500 ரூபா கதை. கடைக்காரர் என்ன பண்ணுவார்னு பக்கத்துல நின்னு பாருங்க, பெண்டிரைவ செருகினதும் அவர் பண்ற மொத வேலை விண்டோஸ் டிஃபெண்டர ஆஃப் பண்றது. ஏன்னா அடுத்து அவர் ஓட்டப்போற ஆக்டிவேட்டர வைரஸ்னு சொல்லி அது புடிச்சிடும். பெரிய கம்பெனிகள், காலேஜ்கள்ல நூத்துக்கணக்குல கம்ப்யூட்டர் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீ அடிச்சிட்டு உக்கார முடியாதுன்னு கேஎம்எஸ்னு ஒரு ஏற்பாடு உண்டு. அந்த ஆபீஸுக்குள்ளயே ஒரு சர்வர் இருக்கும், எல்லா மிஷினும் அதுகிட்ட போய் அனுமதி வாங்கிக்கும், ஒரு தடவ வாங்கினா 180 நாள் செல்லும், நடுவுல 7 நாளைக்கு ஒருக்கா புதுப்பிச்சுக்கப் பாக்கும். கடைக்காரரோட ஆக்டிவேட்டர் பெரும்பாலும் பண்றது என்னன்னா, உங்க மிஷின்ட்ட "நான்தான் அந்த ஆபீஸ் சர்வர்"னு பொய் சொல்றது. திரையில ஆக்டிவேட்டட்னு வரும், "பாத்தீங்களா ஒரிஜினல்"ம்பார். ஆனா நீங்க எந்த ஆபீஸும் இல்ல, உங்க பேர்ல எந்த லைசென்ஸும் இல்ல. அதவிட எனக்கு பயம், ரெண்டு மூணு கடையோட ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பேங்க் லாகினும் வச்சிருக்கப்போற மிஷின்ல யாரு எழுதினதுன்னே தெரியாத ஒரு புரோகிராம டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு ஓட்டுறதுதான்.

இப்ப 499. இது நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. சில வருஷம் முன்னாடி ஒரு ஆன்லைன் விற்பனையாளர்ட்ட (பேர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு ப்ரோ கீ வாங்கினேன், பத்து நிமிஷத்துல மெயில் வந்துச்சு, போட்டேன், ஆக்டிவேட் ஆச்சு, நாலு பேருக்கு பெருமையா சொல்லவும் செஞ்சேன். ஏழெட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல மூலையில "ஆக்டிவேட் விண்டோஸ்"னு சாம்பல் கலர்ல எழுத்து நிக்குது. அந்த விற்பனையாளரோட பக்கத்த தேடினா பக்கமே இல்ல. பில்லும் இல்ல, யாருட்ட போய் கேக்க? இந்த மாதிரி கீயெல்லாம் எங்கேருந்து வருதுன்னா, ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமா குடுத்த வால்யூம் கீ வெளிய கசிஞ்சிருக்கும், இல்ல டெவலப்பர்களுக்கு சோதனை பண்ணிப் பாக்க குடுத்ததா இருக்கும், இல்ல ஒடச்சுப் போட்ட பழைய கம்ப்யூட்டர்ல இருந்து உருவினதா இருக்கும். வால்யூம் கீக்கு இத்தன தடவதான்னு ஒரு கணக்கு உண்டு, மைக்ரோசாஃப்ட் கண்டுபுடிச்சு முடக்குறதும் உண்டு. எல்லா கீயும் செத்துப்போகும்னு சொல்லல, வருஷக்கணக்கா ஓடுறதும் இருக்கு. ஓடுறது வேற, லைசென்ஸ் இருக்கிறது வேற.

சரி, என்னதான் வாங்குறது? கணக்கு வேலைக்கு ஹோம் போதும். ப்ரோல கூடுதலா இருக்கிறது வெளியூர்ல இருந்து இந்த மிஷினுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப்ல நுழையுற வசதி, முழு பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கிறது), ஹைப்பர்-வி (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுறது), ஆபீஸ் நெட்வொர்க் சமாச்சாரம் இதெல்லாம்தான். அமெரிக்க விலையே ஹோம் 139 டாலர், ப்ரோ 199 டாலர்னா 499 ரூபாய்க்கு ப்ரோ எப்படி வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

அதுலயும் ரீடெய்ல் (நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கிறது), ஓஇஎம் (கம்ப்யூட்டர் தயாரிக்கிறவங்களுக்குக் குடுக்கிறது)னு ரெண்டு இருக்கு. ஓஇஎம் வெல கம்மியா இருக்கும், ஆனா மொதல்ல போட்ட மதர்போர்டோட கல்யாணம் முடிஞ்ச மாதிரி, அதோடயே வாழ்ந்து அதோடயே போயிடும். ரீடெய்ல்னா நாளைக்கு வேற பிசி பண்ணாலும் பழசுல இருந்து எடுத்துட்டு புதுசுல போட்டுக்கலாம். கையால அசெம்பிள் பண்றவர் சும்மா இருக்க மாட்டார், ரெண்டு வருஷத்துல போர்ட மாத்த கை அரிக்கும், அதனால உங்களுக்கு ரீடெய்ல்தான். நேரா மைக்ரோசாஃப்ட் சைட்டுல வாங்குங்க, இல்ல ஜிஎஸ்டி பில் குடுக்குற கடையில வாங்குங்க. பெட்டி சீல் ஒடஞ்சிருந்தாலோ, வெறும் ஸ்டிக்கர மட்டும் கவர்ல போட்டுக் குடுத்தாலோ திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க.

ஒரு விஷயம், காச மொதல்ல குடுக்காதீங்க. 8 ஜிபி பெண்டிரைவ் ஒண்ணுல மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூல் வச்சு விண்டோஸ் 11-அ ஏத்திக்கங்க, இன்ஸ்டால் பண்றப்ப கீ கேக்குற எடத்துல "என்கிட்ட கீ இல்ல"ன்னு கீழ ஒரு வரி இருக்கும், அத அழுத்தினா போயிடும். அடுத்து ஹோமா ப்ரோவானு கேக்கும், இங்க ஆசப்பட்டு ப்ரோவ தொட்டுடாதீங்க, அப்புறம் ஹோம் கீ வாங்கினா ஏத்துக்காது, மறுபடி மொதல்ல இருந்து போடணும். "இந்த பிசில விண்டோஸ் 11 ஓடாது"ன்னு மூஞ்சில அடிச்சா பயப்படாதீங்க, பெரும்பாலும் பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்ல) டிபிஎம்ங்கிற பாதுகாப்பு வசதி ஆஃப்ல இருக்கும், இன்டெல் போர்டுல பிடிடி, ஏஎம்டி போர்டுல எஃப்டிபிஎம்னு பேர் இருக்கும், ஆன் பண்ணா சரியாயிடும். ரெண்டு மூணு நாள் ஓட்டி ரேம், போர்டு எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் லைசென்ஸ வாங்கி செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துல கீய அடிங்க.

கேள்வி: பையனுக்கு ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப் டிஸ்பிளே போயி சும்மா கெடக்கு. அதுல இருக்கிற விண்டோஸ புது பிசிக்கு மாத்திக்கலாமா? காசு மிச்சமாகுமே.
– வாசகி, விருதுநகர்

பதில்: ஆசை நியாயமானதுதான், ஆனா முடியாதுங்க. லேப்டாப்போட வர்றது ஓஇஎம், அந்த மிஷினோடயே முடிஞ்சுது. பழசுன்னா அடியில ஸ்டிக்கர் இருக்கும், விண்டோஸ் 8-ல இருந்து வந்ததுல கீய மதர்போர்டுக்குள்ளயே எழுதியிருக்கும். விண்டோஸ் 7 கீய வச்சு புதுசுக்கு இலவசமா தாவுற சலுகை 2016 ஜூலை 29-லயே முடிஞ்சுது, அதுக்கப்புறமும் பல வருஷம் கதவு சும்மா சாத்தியே இருந்துச்சு, நானும் நாலஞ்சு பேருக்கு அப்படி போட்டுக் குடுத்திருக்கேன், 2023 செப்டம்பர்ல தாழ்ப்பாளே போட்டுட்டாங்க. அந்த லேப்டாப்புக்கு ஒரு பழைய மானிட்டர செருகிப் பாருங்க, டிஸ்பிளே மட்டும்தான் போயிருந்தா அது ஒரு பிசியாவே ஓடும்.

கேள்வி: என் பிசில ஏற்கனவே கடைக்காரர் போட்டுக் குடுத்த விண்டோஸ் இருக்கு, "ஆக்டிவேட்டட்"னு காட்டுது. அது அசலா டூப்ளிகேட்டானு எப்படி கண்டுபுடிக்கிறது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: விண்டோஸ் பட்டனோட ஆர்-ஐ சேத்து அழுத்துங்க, சின்னதா ஒரு பெட்டி வரும். அதுல எஸ், எல் அடிச்சு ஒட்டியே எம்ஜிஆர்னு அடிங்க (நெஜமாவே அப்படித்தாங்க, அதனாலயே இந்த கமாண்ட் எனக்கு மறக்காது), ஒரு ஸ்பேஸ் விட்டு சாய்வு கோடு, அப்புறம் டி, எல், ஐ, அதாவது slmgr /dli. என்டர் தட்டினா கொஞ்சம் யோசிச்சுட்டு ஒரு விண்டோ வரும். ரெண்டாவது வரில ரீடெய்ல் சேனல், ஓஇஎம் சேனல், வால்யூம்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். வீட்டு பிசில வால்யூம்னு இருந்தா, அதுலயும் கேஎம்எஸ் கிளையண்ட்னு இருந்தா, கடைக்காரர் என்ன பண்ணியிருக்கார்னு மேல எழுதிட்டேன். ரீடெய்ல்னு வந்துட்டா மட்டும் துள்ளிக் குதிக்காதீங்க, டெவலப்பர் கீயும் அப்படித்தான் காட்டும். பில் இருக்கா? அதான் கேள்வி.

கேள்வி: ரீடெய்ல் வாங்கித்தான் போட்டேன். இடி விழுந்து மதர்போர்டு போச்சு, புதுசு போட்டதும் ஆக்டிவேஷன் போயிடுச்சு. மறுபடி காசா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இல்ல இல்ல, அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. போர்டு மாறினா விண்டோஸுக்கு அது வேற மிஷின், அவ்ளோதான். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லைசென்ஸ முன்னாடியே இணைச்சிருந்தா ஆக்டிவேஷன் பக்கத்துல ட்ரபிள்ஷூட்ட அழுத்தி, "சமீபத்துல ஹார்ட்வேர் மாத்தினேன்"ங்கிறத தேர்ந்தெடுத்து பழைய பிசி பேர டிக் பண்ணா வந்துடும். இணைக்கலைன்னா கீயத் திரும்ப அடிச்சுப் பாருங்க, அதுவும் அடம்புடிச்சா மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ல பில்லக் காட்டுங்க. இதப் படிக்கிற மத்தவங்க இன்னிக்கே அக்கவுண்ட்ல இணைச்சு வைங்க.

கேள்வி: பத்தாயிரம் என்னால முடியாது. கீ இல்லாமலே ஓட்டினா என்ன ஆகும்?
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: ஓடும். மூலையில அந்த சாம்பல் எழுத்து நிக்கும், வால்பேப்பர், கலர் எல்லாம் செட்டிங்ஸ்ல மாத்த விடாது. ஆனா லைசென்ஸ் விதிப்படி அது சரியில்ல, நானும் சரின்னு எழுத முடியாது. நெட், புராஜெக்ட், சினிமா, தமிழ் டைப்பிங்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க, காசு கிடையாது, எல்லாமே சட்டப்படி, தமிழ்99 கீபோர்டும் சேத்துக்கலாம். பெண்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாத்துட்டு புடிச்சா இன்ஸ்டால் பண்ணலாம். கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் மட்டும் அதுல நேரடியா ஓடாது, அதனாலதான் திருப்பூர்காரருக்கு இத சொல்லல.