ஹெபடைடிஸ் பி இருப்பவர்கள் கீழாநெல்லி, லிவர் டானிக், சப்ளிமென்ட் எல்லாம் எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஹெபடைடிஸ் பி என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது, அந்த வைரஸை அடக்கி வைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தினமும் ஒன்று போடுகிறீர்கள். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள். நண்பர் ஒருவர் மில்க் திஸ்டில் கேப்ஸ்யூல் வாங்கித் தந்திருக்கிறார். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு டெனோஃபோவிரை நிறுத்திவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த வைரஸ் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ திமிறிக்கொண்டு எழும். அப்போது வருகிற கல்லீரல் வீக்கம் சிலருக்கு உயிர் போகும் அளவுக்குக்கூட முற்றிவிடும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் டாக்டர் இல்லை. இந்த வைரஸோடு பத்து வருடத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான். அலுவலகத்தில் ரத்த தான முகாம் நடந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, அவர்கள் தந்த பிஸ்கட்டையும் ஜூஸையும் சாப்பிட்டுவிட்டு வந்து மறந்தும் போனேன். பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன். "ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போக முடியுமா சார்?" அப்படித்தான் தெரிந்தது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கல்லீரல்ல ஏதோ கிருமியாம்மா" என்றேன். அம்மா கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "காமாலைதானே? அதுக்கு மருந்து நம்ம வீட்டுக் கொல்லையிலயே கிடக்கு."

மறுநாள் விடியும்போதே துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஈரத்தில் முளைத்துக் கிடந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வைத்து அரைத்துவிட்டார். நெல்லிக்காய் அளவு உருண்டை, அதை மோரில் கரைத்து வெறும் வயிற்றில். உப்பு கிடையாது, புளி கிடையாது, எண்ணெய் கிடையாது. கசப்பு அடிநாக்கில் மத்தியானம் வரை நின்றது. எனக்கோ கண்ணும் மஞ்சளாக இல்லை, சிறுநீரும் மஞ்சளாக இல்லை. காமாலையே இல்லாத ஒருவன் காமாலைக்குப் பத்தியம் இருந்தேன்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது என்று பின்னால் புரிந்தது. காமாலை ஒரு அறிகுறி. நம் ஊரில் திடீரென்று வருகிற காமாலையில் பெரும்பகுதி கெட்ட தண்ணீர், சுத்தமில்லாத சாப்பாடு வழியாகப் பரவுகிற ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. இவை இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தவரும் தேறுவார், கஞ்சியும் இளநீரும் மட்டும் குடித்தவரும் தேறுவார். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடும். (அதற்காகக் காமாலையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ மிக ஆபத்து. யாருக்காக இருந்தாலும் பேச்சு குழறினால், அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.)

ஹெபடைடிஸ் பி வேறு கதை. வளர்ந்த பிறகு தொற்றினால் பெரும்பாலானவர்களின் உடம்பு அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். காமாலை எதுவும் காட்டாமல் வருடக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் நான் மாமாவிடம் சொன்னபோது அவர் விடவில்லை. "மெட்ராஸ் யுனிவர்சிட்டியிலயே நிரூபிச்சாச்சுடா மாப்ளே, நோபல் பரிசு வாங்கினவரே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். கப்சா என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் மாமா சொன்னதில் உண்மை இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தானாக அந்தப் புரதம் மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தால் பெரிது. முப்பது நாளில் பாதிப் பேருக்கு மேல் என்றால் உலகமே கீழாநெல்லி பயிரிட வேண்டாமா?

உலகம் முயன்றுதான் பார்த்தது. தாய்லாந்தில் அதே முறையில் கொடுத்துப் பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு இடங்களிலும் செய்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-ல் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, வெற்று மாத்திரையைவிடக் கீழாநெல்லி மேல் என்று நம்பும்படியான சான்று இல்லை என்று எழுதியது. தியாகராஜன் குழு செய்தது நேர்மையான முயற்சி என்றே இன்றும் நினைக்கிறேன். சின்ன ஆய்வில் கிடைத்தது பெரிய ஆய்வில் நிற்காமல் போவது சகஜம். ஆனால் முதல் செய்திதான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பின்னால் வந்தது மாமாவிடம் இன்றுவரை வந்து சேரவில்லை.

கீழாநெல்லி எனக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. கெட்டதைச் செய்தது வேறொன்று. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு டப்பா பொடி வந்தது. மேலே "17 மூலிகைகள்" என்று இருந்தது, எந்தப் பதினேழு என்று இல்லை. காலையும் இரவும் வெந்நீரில் ஒரு ஸ்பூன். டாக்டரிடம் சொல்லவில்லை. திட்டுவார் என்ற பயம், அப்புறம் இதுதான் குணமாக்கப்போகிறது என்ற நப்பாசை. இரண்டு மாதத்தில் அடிக்கடி குமட்டல், சாயங்காலமானால் அசதி. வழக்கமான சோதனையில் 40-ஐ ஒட்டியே இருந்த என் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) 412-க்குப் போயிருந்தது.

டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது வைரஸைத்தான். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் டி.என்.ஏ. அளவு பார்க்கச் சொன்னார். அது பழைய இடத்திலேயே இருந்தது. அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "வேற என்ன சாப்பிடறீங்க? வீட்ல இருக்கிற டப்பா, பாட்டில் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அப்படியே எடுத்துட்டு வாங்க." மஞ்சள் பை ஒன்றில் அள்ளிக்கொண்டு போனேன். திட்டவில்லை. பொடியை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, "இதுல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்க லிவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்றார். நிறுத்தி ஏழு வாரத்தில் எண் இறங்கியது.

அந்த மாதிரிப் பொடிகளில் மூலிகை மட்டும்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2008-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

இனி உங்கள் மில்க் திஸ்டில். ஐரோப்பாவில் காலங்காலமாகக் கல்லீரலுக்கு என்று சாப்பிடும் ஒரு முட்செடியின் விதை. சத்தின் பெயர் சிலிமரின். அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேருக்கு, வழக்கமான அளவைவிட அதிகமாகவே, 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் என்சைம் அளவில் வித்தியாசம் இல்லை. பெரிய பக்கவிளைவும் இல்லை. ஆக, உங்கள் நண்பர் தந்தது பெரிய கெடுதல் செய்யும் என்று தெரியவில்லை, ஆனால் டெனோஃபோவிரின் வேலையை அது செய்யாது. காசு மிச்சம் ஆகட்டும் என்பது என் கட்சி. சாப்பிட்டே தீருவேன் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

சீந்திலில் நான் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். கொரோனா காலத்தில் கிலோய் என்ற பெயரில் அதைக் கஷாயமாகக் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். அடுத்து நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை, வாதம் நடந்தது. ஆனால் ஏற்கெனவே கல்லீரலில் நோய் இருப்பவன் அந்த வாதம் முடியட்டும் என்று குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதில்லை.

மஞ்சளுக்கும் ஒரு வார்த்தை. குழம்பில் போடும் மஞ்சள்தூளைப் பற்றிப் பயமே வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்து உடம்பில் அதிகம் ஏறும்படி செய்த குர்குமின் கேப்ஸ்யூல் வேறு. அதனால் கல்லீரல் வீங்கியவர்கள் இருக்கிறார்கள். க்ரீன் டீயும் அப்படித்தான். டம்ளரில் குடிப்பது ஒன்று, உடம்பு இளைக்க விற்கும் சாறு மாத்திரை வேறொன்று. இரும்புச் சத்து மாத்திரை, அதிக அளவு வைட்டமின் ஏ இரண்டையும் சோதனை செய்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் தவிர நீங்களாக வாங்காதீர்கள். ஹெபடைடிஸ் சி-க்கு மருந்து எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அசிடிட்டி மாத்திரையைக்கூடச் சொல்லாமல் போடாதீர்கள். சில சி மருந்துகள் உடம்பில் சேருவதை அது குறைத்துவிடும்.

நல்ல செய்தி ஒன்று. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு விழுவது குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அதை டாக்டர் வாயால் கேட்ட நாளில் வீட்டுக்கு வந்து இரண்டாம் டிகாக்‌ஷன் கேட்டேன். இன்னொன்று, பூஞ்சை பிடித்த நிலக்கடலையை, கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். அதில் இருக்கும் அஃப்லாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சும் ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும். சாராயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் எல்லோரையும் சோதித்துவிட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை என்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டில் நான் பல மாதம் தள்ளிப்போட்டேன். மனைவிக்கும் தம்பிக்கும் இல்லை, இருவருக்கும் மூன்று தவணை தடுப்பூசி போட்டாயிற்று. அம்மாவுக்கு இருந்தது. அறுபது வயது வரை ஒரு நாள்கூடக் காமாலை வந்ததில்லை. பரிசோதனைக்கூட வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்துச்சா?" என்று கேட்டார். நான் பிறந்த காலத்தில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி இங்கே கிடையாதும்மா, யார் கையிலும் இல்லை என்றேன். பஸ்ஸில் வீடு வரும்வரை பேசவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். எனக்கு மாத்திரை, அம்மாவுக்கு இதுவரை மாத்திரை தேவைப்படவில்லை.

டெனோஃபோவிர் செலவுதான் உங்களை யோசிக்க வைக்கிறது என்றால், 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேப்ஸ்யூல் டப்பாவையும், கீழாநெல்லி எவ்வளவு, எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதியும் கொண்டு போங்கள். கடைசியாக டி.என்.ஏ. எப்போது பார்த்தார்கள், எண் எவ்வளவு என்று கருத்தில் போட்டால், தெரிந்ததைச் சொல்கிறேன்.